"எங்கேப்பா உங்க இடி மழை?"

சித்திரை, வைகாசி வந்தால் நம் ஊர் டீக்கடை பெஞ்சில் இந்தக் கேள்வி தவறாமல் காதில் விழும். கேட்பவர்கள் என் வயதுக்காரர்கள். கேட்கப்படுபவர்கள், செல்போனில் ரேடார் படமும் செயற்கைக்கோள் படமும் பார்த்து, "இன்னிக்கு மூணு மணிக்கு மேல இடி மழைக்கு வாய்ப்பு இருக்குங்கய்யா" என்று சொல்லும் வானிலை ஆர்வமுள்ள தம்பிகள். மழை வராவிட்டால் அன்று முழுக்க அவர்களுக்குக் கேலிதான்.

நண்பர்களே, இந்தக் கேலி தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

புயல் வேறு, கோடை இடிமழை வேறு. 2018 நவம்பரில் கஜா புயல் வங்கக் கடலில் பல நாள் நகர்ந்து, 16ஆம் தேதி கரையேறி, நம் மலை வரை வந்து மரங்களைச் சாய்த்தது. முன்கூட்டியே சொல்ல அவகாசம் இருந்தது. இடிமேகம் அப்படியல்ல. வெயிலில் சூடான காற்று வத்தலக்குண்டு, பழநிப் பக்கமிருந்து சரிவில் ஏறும். ஈரம் சேர்ந்தால் மதியத்துக்கு மேல் மேகம் கோபுரமாக எழும்பும். அகலம் சில கிலோமீட்டர், ஆயுள் ஒரு மணி நேரம். பெருமாள்மலையில் கொட்டும், செண்பகனூரில் தூறல்கூட இருக்காது. நாம் பார்க்காததா?

நூற்றுக்கு அறுபது வாய்ப்பு என்றால், அதே மாதிரியான பத்து நாளில் ஆறு நாள் வரும், நாலு நாள் வராது. அந்த நாலில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பொய் என்பது என்ன நியாயம்? பஞ்சாங்கத்தில் போட்ட மழை வராதபோது நாம் யாரைக் கேலி செய்தோம்? 1899இல் தொடங்கிய அப்சர்வேட்டரி இருக்கும் ஊர் இது. வானத்தைப் பார்த்துச் சொல்பவனை இந்த ஊரே சிரிக்கலாமா?

தம்பிகளுக்கும் ஒன்று சொல்வேன். "கொடைக்கானலில் மழை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். மேல்மலையா, கீழ்மலையா? மன்னவனூர்ப் பூண்டுக் காட்டில் நிற்பவருக்கும் தாண்டிக்குடிக் காப்பித் தோட்டத்தில் நிற்பவருக்கும் அது ஒரே செய்தி அல்ல. "செம இடி வரப்போகுது" என்ற குதூகலமும் வேண்டாம். மரத்தடியில் ஒதுங்கும் கூலிக்காரருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது விநாடிக்குக் குறைவு என்றால், அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வீட்டுக்குள் போய்விடுங்கள். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகும் அரை மணி நேரம் வெளியே வராதீர்கள்.

சொன்ன மழை வராவிட்டால் நமக்குப் போவது ஒரு மாலைப் பொழுதுதான். சிரித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போன அன்று வந்துவிட்டால்?