எல்.பி.சி. நமக்கு மட்டும்தானா?

மக்களே, கொஞ்சம் நீளமான பதிவு. தாலுகா ஆபீஸிலும் வங்கியிலும் வேலை பார்க்கிற என் பழைய மாணவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

ஒரு ஆசிரியர் கருங்கலில் இருந்து மார்த்தாண்டத்துக்கு மாற்றலாகிப் போகிறார் என்று வையுங்கள். பழைய பள்ளிக்கூடத்தில் எல்.பி.சி. கொடுப்பார்கள். இன்ன தேதி வரை சம்பளம் கொடுத்தாயிற்று என்று அதில் இருக்கும். மறுநாளில் இருந்து புதிய இடம் பொறுப்பு. சில நாள் தாமதமாகலாம், ஆனால் ஒரு நாள் சம்பளமும் காணாமல் போகாது. அரசாங்கத்துக்கு இந்த வித்தை நன்றாகவே தெரியும்.

அதே அரசாங்கம் அறிவுசார் குறைபாடுள்ள ஒருவனை ஒரு துறையில் இருந்து இன்னொரு துறைக்கு மாற்றும்போது என்ன செய்கிறது?

தமிழ்நாட்டில் இரண்டு உதவிகள் உண்டு. ஒன்று வருவாய்த் துறை கொடுக்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். ஆயிரமாக இருந்ததை 2023 ஜனவரி முதல் 1,500 ஆக்கினார்கள். இன்னொன்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை, 2,000 ரூபாய். இரண்டையும் ஒருவரே வாங்க முடியாது. அது நியாயம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

என்னிடம் படித்த ஒருத்தி முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போகிறாள். மகனுக்கு 31 வயது. குளிப்பாட்டுவதும் சோறு ஊட்டுவதும் அவள்தான். 1,500 வந்துகொண்டிருந்தது. 2,000 கிடைக்குமென்று யாரோ சொல்ல, விண்ணப்பித்தாள். பழையதை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால்தான் புதியது என்றார்கள். எழுதிக் கொடுத்தாள். மறுமாதமே பழையது நின்றது. புதியது ஏழு மாதமாக வரவில்லை. கேட்டால், "வரிசையில் இருக்கு."

"சாரே, ஐநூறு கூடுதல்னு போயி உள்ளதும் போச்சு பாத்தியளா" என்றாள்.

கணக்கு வாத்தியார் என்பதால் கணக்குப் போட்டேன். ஏழு மாத இழப்பு 10,500. கூடுதலாக வரப்போவது மாதம் 500. நாளைக்கே புதியது வந்தாலும், விட்டதைப் பிடிக்க 21 மாதம் வேண்டும். இடையில் நாகர்கோவிலுக்குப் போய்வந்த பஸ் காசையும் ஆலையில் போன கூலியையும் நான் சேர்க்கவில்லை.

இரண்டு பக்கமும் வாங்கி ஏமாற்றிவிடுவார்கள் என்று ஒரு நண்பர் வாதாடினார். ஆதார் ஒன்று, மாற்றுத்திறனாளி அடையாள எண் ஒன்று, பணம் போவது ஒரே வங்கிக் கணக்குக்கு. தவறுதலாக ஒரு மாதம் கூடப் போனால் அடுத்த மாதம் பிடித்துக்கொள்ளட்டும். ஏழு மாதம் மருந்து வாங்காமல் இருந்ததை எதில் பிடிப்பது?

தொகை போதாது என்பது தனிச் சண்டை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்கச் சொல்கிறது. 2023இல் முதியோருக்கு 1,200 ஆக்கினார்கள். அதோடு 25 விழுக்காடு சேர்த்தால் மிகச் சரியாக 1,500! சட்டத்தை ரூபாய் பிசகாமல் காப்பாற்றிவிட்டார்கள். ஆந்திராவில் 2024 முதல் 6,000 கொடுக்கிறார்கள்.

வங்கிக்காரர்களுக்கு ஒன்று. இந்தத் தாயிடம் ஒரு வங்கியில் "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்றிருக்கிறார்கள். மகனுக்கு 18 வயது முடிந்துவிட்டால் பெற்றவள்கூடச் சட்டப்படி தானாகக் காப்பாளர் ஆகமாட்டாள் என்பது உண்மை. ஆனால் அதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழு காப்பாளர் சான்று கொடுக்கும். அதை ஏற்றுக் கணக்குத் திறக்கலாமென்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. கவுண்டரில் இருக்கிற என் பிள்ளைகளே, அடுத்து வருகிற தாயிடமாவது இதைச் சொல்லுங்கள்.

தாலுகா ஆபீஸில் இருப்பவர்களே, நிறுத்தச் சொல்லி ஒருவர் எழுதிக் கொடுத்தால், நலத்துறையின் அனுமதி ஆணை வந்துவிட்டதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். ஆணை வராமல் நிறுத்த வேண்டிய அவசரம் என்ன?

புதியது தொடங்கும் தேதிக்கு முந்தைய நாள் வரை பழையதைக் கொடுக்க வேண்டும், விடுபட்ட மாதங்களுக்கு நிலுவை கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் மட்டும் கேட்டு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் கொடுக்கிறோம். இதேபோல் பணம் நின்றுபோன வீடு உங்களுக்குத் தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். கமென்டில் பிள்ளைகளின் பெயரைப் போட வேண்டாம்.