வாழையைக் கைபேசியிடம் ஒப்படைத்தவர்கள்

நெல் வயலைப் பார்க்கிறவரே வாழைத் தோப்பையும் பார்த்துக்கொள்ளட்டும், வாழை பார்க்கிறவர் நெல்லையும் சேர்த்துச் சுமக்கட்டும் என்று சென்னையில் உட்கார்ந்து தமிழக அரசு முடிவு செய்துவிட்டது. உழவர் அலுவலர் தொடர்புத் திட்டம் 2.0 என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. வேளாண்மை, தோட்டக்கலை உள்ளிட்ட பிரிவுகளின் களப்பணியாளர்களை ஒன்றாகக் கலந்து, ஆளுக்குச் சில ஊர்கள் என்று பங்கு பிரித்துக் கொடுப்பதுதான் இதன் சாரம். 2025-ல் இந்த ஏற்பாடு பேச்சுக்கு வந்ததிலிருந்து தோட்டக்கலை அலுவலர்கள் கொடி பிடித்ததையும், உழவர் பல அலுவலகங்களுக்கு அலையாமல் இருக்கவே இது என்ற சமாதானத்தையும் வாசகர்கள் அறிவார்கள். பணிச்சுமை, பதவி உயர்வுச் சச்சரவுகளை அலுவலர்களும் அரசுமே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். நம் கேள்வி ஒன்றே ஒன்று: திருச்சி மாவட்டத்துத் தொட்டியத்தில் வாழை இலை மஞ்சளித்தால் உழவர் இனி யாரைக் கேட்பார்?

பதில் எல்லோருக்கும் தெரியும். சட்டைப்பையில் இருக்கும் கைபேசியைக் கேட்பார். ஒரு படம் எடுப்பார். வாட்ஸ்அப் குழுவிலோ, முகநூல் குழுவிலோ, யாரோ ஒருவரின் யூடியூப் காணொளிக்குக் கீழேயோ போடுவார். “என்ன நோய், என்ன மருந்து?” என்று இரண்டே கேள்வி. பத்து நிமிடத்தில் பத்துப் பதில் வந்துவிடும். தேனியிலிருந்து ஒருவர், ஈரோட்டிலிருந்து ஒருவர், எந்த ஊர் என்றே தெரியாத ஒருவர். ஒருவர் பூஞ்சணக்கொல்லி ஊற்றச் சொல்வார். இன்னொருவர் பஞ்சகவ்யம் போதும் என்பார். மூன்றாமவர் நுண்ணூட்டக் குறைபாடு என்று அடித்துச் சொல்லி, கூடவே ஒரு பொட்டலத்தின் படத்தையும் விலையையும் அனுப்பி வைப்பார். எதை நம்புவது? பெரும்பாலும் உறுதியாகச் சொன்னவரை நம்புகிறோம். சரியாகச் சொல்பவர் பல நேரம் தயங்கித்தான் சொல்வார் என்பதை மறந்துவிடுகிறோம்.

தயங்க வேண்டிய காரணம் வாழையிலேயே இருக்கிறது. அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளிப்பது வாடல் நோயாக இருக்கலாம். சாம்பல் சத்து குறைந்தாலும் அப்படித்தான் ஆகும். தண்ணீர் தேங்கி வேர் மூச்சு முட்டினாலும் ஆகும். நூற்புழு வேரைத் தின்றாலும் ஆகும். படத்தில் நான்கும் ஒன்றுபோல் இருக்கும். பிரித்தறிய வேண்டுமென்றால் தோப்புக்குள் இறங்க வேண்டும். அடித்தண்டு வெடித்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். கிழங்கைக் குறுக்கே வெட்டிச் செம்பழுப்புக் கோடுகள் ஓடுகின்றனவா என்று காண வேண்டும். போன போகத்தில் அங்கே என்ன பயிர், கன்று எந்த ஊரிலிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டும். குழுவில் பதில் போட்ட பத்துப் பேரில் எத்தனை பேர் இதில் ஒன்றையாவது கேட்டார்கள்?

வாடல் நோய் என்றால் பிழைக்கு மன்னிப்பில்லை. நோய் முற்றிய மரத்தைக் காப்பாற்ற மருந்து கிடையாது. கிழங்கோடு தோண்டி அகற்றி, குழியில் சுண்ணாம்பு இட்டு, அடுத்த போகம் நெல்லுக்கு மாறுவதுதான் கைகண்ட வழி. அதை விட்டுவிட்டுச் சத்துக்குறைவு என்று நம்பி உரத்தைக் கொட்டிக்கொண்டிருந்தால், பூஞ்சணம் வாய்க்கால் தண்ணீரோடும் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணோடும் அடுத்த தோப்புக்குப் போய்விடும். மண்ணில் இறங்கிய பூஞ்சணம் பல ஆண்டுகள் சாகாமல் கிடக்கும். பூவன் ஓரளவு தாங்கும். ரஸ்தாளியும் கற்பூரவல்லியும் தாங்காது. ரஸ்தாளி போட்டவர் கைபேசியில் வாங்கிய தவறான பதிலுக்கு, பதில் சொன்னவர் தண்டம் கட்டுவதில்லை. கேட்டவரும், வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவர் பங்காளியும் கட்டுகிறார்கள்.

முடிக்கொத்து நோய்க்கும் இதே கதைதான். அசுவினி பரப்பும் நச்சுயிரி அது. இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும் மரத்தைப் பிடுங்கி அழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் பிடுங்கிப் போடு என்று சொல்லும் பதிலுக்குக் குழுவில் மதிப்பில்லை. ஏதாவது ஒன்றைத் தெளி, தெளிந்துவிடும் என்று சொல்பவருக்குத்தான் கட்டைவிரல்கள் உயர்கின்றன. விருப்பக்குறிகளைக் கணக்குப் பார்த்து வைத்தியம் செய்தால் நோய்தான் வளரும்.

இணையத்தில் அந்நியர் சொல்லும் பதில் எல்லாமே குப்பை என்று நாம் சொல்லவில்லை. கணினி நிரலாளர்கள் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் முகம் தெரியாதவர்களைக் கேட்டுத்தான் வேலை பார்த்தார்கள். அங்கே அது நடந்ததற்குக் காரணம் உண்டு. சொன்ன பதிலை அந்த நிமிடமே ஓட்டிப் பார்க்கலாம். தவறென்றால் உடனே தெரிந்துவிடும். தவறாகச் சொன்னவரின் மதிப்பெண்ணும் குறையும். அந்தத் தளமே 2022 டிசம்பரில் செயற்கை நுண்ணறிவு எழுதிய பதில்களைத் தடை செய்தது. பார்வைக்குச் சரியாகத் தெரிந்து, உள்ளே தவறாக இருந்த பதில்கள் குவிந்ததுதான் காரணம். சோதித்துப் பார்க்க வசதியுள்ள இடத்திலேயே இந்த நிலை. வாழையில் சோதனை முடிய ஒரு போகம் ஆகும். நேந்திரன் என்றால் பத்து, பதினோரு மாதம். ரஸ்தாளி என்றால் ஓராண்டுக்கும் மேல். தார் வெட்டும் நாளில் பதில் தவறு என்று தெரியும்போது, சொன்னவர் குழுவிலேயே இருக்கமாட்டார்.

பக்கத்துத் தோட்டக்காரர் சொல்லும் யோசனையையும் நாம் குறை சொல்லவில்லை. அவர் அதே ஆற்றுத் தண்ணீரைப் பாய்ச்சுகிறவர். அதே வண்டல் மண்ணில் நிற்கிறவர். சொன்னது பொய்த்தால் மறுநாள் டீக்கடையில் நம் முகத்தைப் பார்க்க வேண்டியவர். அந்தக் கூச்சம்தான் அவர் வாக்குக்கு ஈடு. கைபேசிக்குள் இருக்கும் அந்நியரிடம் அந்த ஈடு இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாழைத்தண்டு கூன்வண்டுக்கு மோனோகுரோட்டோபாஸை ஊசிமூலம் தண்டில் செலுத்தச் சொல்லும் பரிந்துரை நெடுங்காலம் அரசுத் தரப்பிலேயே இருந்தது. காய்கறிப் பயிர்களில் அந்த மருந்துக்கு 2005-லேயே தடை வந்துவிட்டது. பீகாரின் சரண் மாவட்டத்தில் 2013-ல் பள்ளி மதிய உணவில் அது கலந்து 23 குழந்தைகள் மாண்டார்கள். 2023-ல்தான் அதன் 36 சத வடிவத்துக்கு ஒன்றிய அரசு முழுத் தடை கொண்டுவந்தது. ஆனால் பழைய பரிந்துரை இணையத்தைவிட்டுப் போகவில்லை. யாரோ படியெடுத்தது, யாரோ காணொளியாகப் படித்தது, யாரோ குழுவில் முன்னனுப்பியது என்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. படிக்கிற உழவருக்கு அது எந்த ஆண்டின் பதில் என்று தெரியாது. தடை செய்யத் தெரிந்த அரசுக்கு, தடை செய்தோம் என்பதைத் தோப்பு வரை கொண்டுபோய்ச் சொல்லத் தெரியவில்லை. சொல்ல வேண்டிய ஆளைத்தான் இப்போது நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் சேர்த்துப் பங்கு போட்டுவிட்டார்களே!

பூச்சிமருந்து விற்க உரிமம் வேண்டும். கடை நடத்தப் படிப்புத் தகுதியும் வேண்டும் என்று விதி இருக்கிறது. மருந்தைச் சொல்பவருக்கு உரிமம், படிப்பு, பெயர், முகவரி எதுவும் வேண்டியதில்லை. இந்த ஓட்டையை அடைக்கத்தான் அரசு சம்பளம் கொடுத்துக் களத்தில் ஆள் வைத்தது. தோட்டக்கலைக்கென்று 1979-ல் தனித் துறை பிரித்தது எதற்கு? பழமும் பூவும் காய்கறியும் நெல்லைப்போல் அல்ல, அவற்றுக்குத் தனிப் படிப்பும் தனிக் கண்ணும் வேண்டும் என்பதற்காக. அந்த முடிவு தவறு என்றால் அதைச் சட்டமன்றத்தில் எழுந்து சொல்லட்டும். தலைமையகத்தில் இரண்டு துறையும் இரண்டு இயக்குநரும் அப்படியே இருக்க, வரப்பில் மட்டும் ஒன்றாக்குவது என்ன நியாயம்? மேலே நாற்காலி குறையவில்லை. கீழே கண்தான் மங்குகிறது.

இதே அரசு இயந்திரம் வேறொரு இடத்தில் அந்நியர் பதிலின் ஆபத்தை நன்றாகவே உணர்ந்திருக்கிறது. 2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஒரு பெண் இறந்தார். 2024 நவம்பரில் குன்றத்தூரில் ஒரு தம்பதியர் வாட்ஸ்அப் குழுவின் துணையோடு வீட்டுப் பிரசவம் செய்துகொண்டது தெரிந்ததும், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்த அந்தக் குழுமீது சுகாதாரத் துறை காவல்துறைக்குப் போனது. அப்படிப் போக முடிந்ததன் காரணம், கருவுற்ற ஒவ்வொரு பெண்ணையும் பதிவு செய்து, ஊர்தோறும் ஒரு செவிலியரைப் பொறுப்பாக்கிய ஏற்பாடு முன்பே இருந்ததுதான். கைபேசியைக் கேட்காதே என்று சொல்ல அந்தத் துறைக்கு வாய் இருக்கிறது. ‘எங்களைக் கேள்’ என்று சொல்ல ஓர் ஆளும் இருக்கிறார். வேளாண் துறைக்கு எந்த வாய் இருக்கிறது? இருந்த ஆளையும் எந்தப் பயிருக்கும் உரியவராக இல்லாமல் ஆக்கிவிட்டு, வதந்தியை நம்பாதீர்கள் என்று உபதேசம் செய்ய எந்த முகம் இருக்கிறது?

புதுப் பெயரில் ஒரு திட்டத்தைக் கொண்டுவருவது அரசுக்குப் புதிதும் அல்ல. 1980களில் உலக வங்கிப் பணத்தில் பயிற்சியும் பார்வையிடலும் என்று ஒரு திட்டம் வந்தது. குறித்த கிழமையில், குறித்த ஊரில், குறித்த உழவரைச் சந்திக்க வேண்டும். அதற்கு அட்டவணை உண்டு. பணம் நின்றது, அட்டவணையும் நின்றது. பிறகு 2004 ஜனவரியில் ஒன்றிய அரசின் கிசான் கால் சென்டர் வந்தது. 1800-180-1551 என்ற எண்ணில் காலை 6 முதல் இரவு 10 வரை பேசலாம். பேசுபவர் படித்தவர்தான், ஆனால் அவரும் தோப்பைப் பார்க்காதவர். 2018-ல் உழவன் செயலி வந்தது. மானியம், விலை, வானிலை எல்லாம் விரல் நுனியில் என்றார்கள். விரல் நுனியில் வராதது ஒன்றுதான்: கிழங்கை வெட்டிப் பார்க்கும் அரிவாள். 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வேறு. ஆண்டுக்கு ஒரு தடித்த புத்தகம், அதில் திட்டத்துக்கு ஒரு நீளமான பெயர்.

2.0 என்ற எண்ணே ஒரு வாக்குமூலம். முதல் பதிப்பிலும் அலுவலர் குறித்த நாளில் ஊருக்கு வருவார் என்றுதான் சொன்னார்கள். அது ஏன் போதவில்லை, எத்தனை ஊருக்கு வந்தார், வந்தபோது எந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் நின்றார் என்ற கணக்கை உழவர் முன் வைத்துவிட்டல்லவா இரண்டாம் பதிப்பை அச்சடிக்க வேண்டும்? தோற்ற திட்டத்துக்குப் புள்ளி வைத்து எண் போட்டுவிட்டால் அது வளர்ந்த திட்டம் ஆகிவிடுமா? ஒவ்வொரு முறையும் இவர்கள் செய்வது இதுதான். ஆள் போதவில்லை என்ற உண்மையைச் சொல்ல மனமில்லாமல், இருக்கும் ஆளுக்கு இன்னொரு பெயர்ப்பலகை மாட்டுகிறார்கள்.

கொடுமை என்னவென்றால் பதில் வெகுதொலைவில் இல்லை. 1993-ல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இதே திருச்சி மாவட்டத்தில், தோகைமலை சாலையில் தாயனூரில் இருக்கிறது. வாடல் நோயின் கொடிய வகையான டி.ஆர்.4 இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதை, பீகாரின் கட்டிஹார் வாழையில் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் இந்த மையத்து விஞ்ஞானிகள். பீகாரின் நோயை அறிந்து சொல்ல முடிந்த அறிவு, முசிறிப் பாலத்தைத் தாண்டித் தொட்டியத்துக்கும் காட்டுப்புத்தூருக்கும் வந்து சேர ஒரு கை வேண்டும். வாழை தெரிந்த கை வேண்டும். அந்தக் கையைத்தான் வெட்டுகிறார்கள்.

டி.ஆர்.4 தாக்குவது முக்கியமாகக் கேவண்டிஷ் வகைகளை. அந்த வகையைச் சேர்ந்த திசு வளர்ப்பு ஜி-9 போட்டவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். முகம் தெரியாதவர் கைபேசியில் யோசனை மட்டும் சொல்வதில்லை, கன்றும் விற்கிறார். எந்த மாநிலத்துக் கட்டை, யார் சோதித்தது என்று கேட்க நாதியில்லாமல் லாரி ஏறி வரும் ஒரு சுமை, காவிரி வடகரையை ஒரு தலைமுறைக்கு வாழை போடாத மண்ணாக்கிவிடலாம். அன்றைக்கு எந்தச் செயலியில் புகார் கொடுப்பது?

அரசு இந்த ஏற்பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, முதலில் வாழை மாவட்டங்களின் உழவர்களை உட்காரவைத்துப் பேசட்டும். வாழைக்கு வாழை தெரிந்தவர், நெல்லுக்கு நெல் தெரிந்தவர் என்ற பழைய நியாயத்துக்கு எந்த வகையிலாவது திரும்பட்டும். எப்படி என்பதை வகுக்கத்தான் அதிகாரிகளுக்கு அலுவலகமும் வாகனமும் கொடுத்திருக்கிறோம். அதுவும் முடியாதென்றால், இனி ஊர் ஊராக வைக்கும் அறிவிப்புப் பலகைகளில் அலுவலர் பெயரை எழுத வேண்டாம். வாட்ஸ்அப் குழுவின் இணைப்பை எழுதிவிடுங்கள். அரசாணையைவிட அது நேர்மையாக இருக்கும்.