சித்திரைச் சந்தையும் சேதன மரக்கறியும்

இளவேனில் என்று முன்னோர் வகுத்த பருவம் சித்திரை, வைகாசி ஆகிய இரண்டு மாதங்களாகும். இலங்கையின் வடபகுதியில் இப்பருவம் பிறக்கும் முன்னரே மரக்கறிச் சந்தைகள் நிறைந்துவிடுகின்றன. மாரி மழை ஓய்ந்ததும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் எல்லோரும் நட்ட கத்தரியும், தக்காளியும், வெண்டியும், பயிற்றையும் ஏறக்குறைய ஒரே வாரத்திலேயே பயன்தரத் தொடங்குகின்றன. அப்போது பறிகூலிக்கும் வண்டிக் கூலிக்கும் கட்டாத விலைக்குக் காய்களைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் கமக்காரர் பலராவர். அதே சந்தையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஊர் மரக்கறி காண்பது அரிதாகின்றது. விலையோ பன்மடங்கு ஏறுகின்றது. ஏறிய விலையைப் பெறுவதற்கு அப்போது கமக்காரர் கையில் காய் இல்லை.

இரசாயனப் பசளையும் பூச்சிநாசினியும் இன்றிப் பயிர் செய்யும் சேதனக் கமக்காரருக்கு இந்த இடர் இருமடங்காகும். அவர் கூட்டெருவுக்கும் களை பிடுங்கலுக்கும் கூடிய உழைப்பைச் செலவிடுகின்றார். சந்தை நிறைந்திருக்கும் வேளையில் அவருடைய கத்தரிக்காய் ஏனைய கத்தரிக்காய்களோடு ஒரே குவியலிற் சேர்ந்து, ஒரே விலைக்கே போகின்றது. இதனைக் கண்ட பலர், சேதன மரக்கறிக்குச் சந்தை இல்லை என்று மனம் தளர்கின்றனர். அம்முறைப்பாட்டில் உண்மை உண்டு. ஆயினும் அது பாதி உண்மையே. வாங்குவோர் சிலராயினும் இருக்கின்றனர். அவர்கள் வாரந்தோறும் கேட்கும் அளவை வாரந்தோறும் கொடுக்க இயலாமையே பெருங் குறையாகும். அக்குறையைத் தீர்க்கும் வேலை சித்திரையில் தொடங்குவதன்று; அதற்கு முந்திய ஐப்பசியிலேயே தொடங்க வேண்டியதாகும்.

நாட்கணக்கைப் பின்னோக்கிப் பார்த்தல்

சித்திரைப் புத்தாண்டு ஏப்பிரல் 14ஆம் நாளை ஒட்டி வருகின்றது. புத்தாண்டுக்கு முந்திய பத்து நாட்களில் மரக்கறிக்கும் வாழைப்பழத்துக்கும் கேள்வி மிகும். புத்தாண்டு கழிந்த சில நாட்களுக்குக் கடைகள் பூட்டியிருக்கும். லொறிகளும் குறைவாகவே ஓடும். ஆகவே பறிப்பு உச்சமடையும் காலம் புத்தாண்டின் பின் வருமாயின், விளைந்ததிற் பெரும் பங்கு செடியிலேயே முற்றி வீணாகும்.

ஏப்பிரல் தொடக்கத்திற் பறிக்க வேண்டிய கத்தரிக்கு, நாற்றுமேடையில் நான்கு வாரமும், நட்டபின் ஏறக்குறைய இரண்டு மாதமும் வேண்டும். எனவே மார்கழி மாதக் கடைசியில் விதை மேடைக்குச் செல்ல வேண்டும். வெண்டி விதைத்து 45 முதல் 50 நாட்களிற் காய்க்கத் தொடங்குவதால், மாசிப் பிறப்பை ஒட்டி விதைத்தாற் போதுமானது. முளைக்கீரை 25 முதல் 30 நாட்களிற் பிடுங்கத்தக்கது. அதனை மாசிக் கடைசியில் விதைக்கலாம். இக்கணக்கை அறியாத கமக்காரர் எவருமிலர். ஆயினும் நிலம் காய்ந்த அன்றே முழுத் தோட்டத்தையும் ஒரே பயிரால் நிரப்பிவிடும் வழக்கம் இக்கணக்கைப் பயனற்றதாக்கிவிடுகின்றது.

எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர் தோட்டக்காணி உள்ள ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். அவர் எட்டுப் பரப்பிலும் கத்தரியை ஒரே நாளில் நடாது, இரண்டு பரப்பில் மட்டும் முதலில் நட்டு, மூன்று வாரம் கழித்து வேறு இரண்டு பரப்பில் நடலாம். எஞ்சிய நான்கு பரப்பில் வெண்டி, பயிற்றை, பாகல், கீரை என்பவற்றைப் பத்து அல்லது பதினைந்து நாள் இடைவெளியிட்டு விதைக்கலாம். இவ்வாறு செய்தால் பங்குனி தொடக்கம் வைகாசி வரை வாரந்தோறும் ஏதேனும் சில வகை மரக்கறி அவர் கையில் இருக்கும். ஒரு பயிரின் விலை விழுந்தாலும் முழு முதலும் அழிந்துபோகாது. ஒரு பயிரைத் தாக்கும் பூச்சி முழுத் தோட்டத்தையும் ஒருங்கே சூறையாடவும் மாட்டாது.

பசளைக்கும் பருவம் உண்டு

சேதனப் பயிர்ச்செய்கையிற் காலம் தவறுதல் பெரும்பாலும் பசளையிலேயே நிகழ்கின்றது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. நீரிற் கரைந்த சில நாட்களிற் பயிர் அதனை ஏற்கத் தொடங்குகின்றது. கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒரு பங்கு அளவிலேயே இருக்குமெனக் கொண்டால், 10 கிலோகிராம் யூரியா கொடுக்கும் நைதரசனுக்கு 460 கிலோகிராம் கூட்டெரு வேண்டும். அதிலுள்ள நைதரசனும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சிறிது சிறிதாகச் சிதைத்த பின்னரே பயிருக்குக் கிடைக்கின்றது. அதில் ஒரு பகுதி அப்போகத்துக்கு உதவாது அடுத்த போகத்துக்கே உதவும். ஆதலின் செடி மஞ்சளித்த பின்னர் எருத் தேடி ஓடுவோர் பயன் பெறார்.

கூட்டெரு பக்குவமடைய இரண்டு முதல் மூன்று மாதம் செல்லும். தையில் நடுகைக்கு வேண்டிய எருவின் குவியல் ஐப்பசியிலேயே கட்டப்பட வேண்டும். அது மழைக்காலமாதலின் குவியலை மேட்டு நிலத்தில் அமைத்துக் கிடுகால் மூடாவிட்டால் சத்து மழைநீரோடு கழிந்துபோகும். நெற் கமக்காரர் அரிவு வெட்டிச் சூடடித்த பின் வயலிலே தீயிடும் வைக்கோல், அவ்வூர் மரக்கறித் தோட்டத்துக்கு உரிய செல்வமாகும். ஆயினும் உக்காத வைக்கோலை நேரே மண்ணிற் புதைத்து உடனே நடுதல் தகாது. வைக்கோலைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தமக்கே எடுத்துக்கொள்ள, இளஞ்செடி வாடி மஞ்சளிக்கும். வைக்கோலுடன் மாட்டெருவையும், வேலியிலே தழைக்கும் கிளிசறியா போன்ற மரங்களின் குழையையும் அடுக்காகச் சேர்த்து உக்கவிடுதலே முறையாகும். ஒருவர் வயலில் மிஞ்சும் வைக்கோலும், மற்றொருவர் பட்டியிற் சேரும் சாணமும் காலத்தோடு ஓரிடத்திற் சேருமாயின், எருவுக்காக வெளியூர் போக வேண்டிய தேவை குறையும்.

ஆயத்தமின்றிச் சேதனத்துக்கு மாறுவது என்ன விளைவைத் தரும் என்பதை இந்நாடு அண்மையிற் கண்டது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நாட்டுக்கு வேண்டிய அளவு கூட்டெரு எங்கும் ஆயத்தமாக இருக்கவில்லை. அதனை அடுத்த 2021/22 பெரும்போகத்தில் நெல் விளைவு பெரிதும் வீழ்ந்தது. அந்நிகழ்ச்சியைக் காட்டிச் சேதனப் பயிர்ச்செய்கையே வீண் என்று முடிவு செய்தல் பொருந்தாது. மண்ணும் எருவும் கமக்காரரும் ஆயத்தமாகும் முன் ஆணையினால் மட்டும் மாற்றம் வாராது என்பதே அதன் பாடமாகும். தம் காணியில் ஒரு பகுதியை மட்டும் முதலில் மாற்றி, அங்கே கற்றதைக் கொண்டு அடுத்த பகுதிக்குச் செல்பவர் அப்பாடத்தை உணர்ந்தவராவார்.

கிணற்று நீரின் பொருட்டு

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களுக்கு இம்மாற்றத்தை நாடுவதற்குத் தனியாகவும் ஒரு காரணம் உண்டு. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலே தேங்கும் மாரி நீரே குடிநீரும் தோட்ட நீருமாகும். பயிர் எடுத்துக்கொள்ளாத நைதரசன் நைத்திரேற்றாக மாறி அந்நீரோடு கலக்கின்றது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையாகும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வளவு மீறியிருத்தல் ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. அத்தகைய நீர் கைக்குழந்தைகளுக்குச் சிறப்பாகத் தீங்கு செய்யும். மாட்டெருவையும் அளவின்றி இட்டால் அதிலிருந்தும் நைத்திரேற்று கிணற்றுக்கு இறங்கும் என்பதை இங்கு மறத்தலாகாது. எருவின் பெயர் எதுவாயினும் அளவும் காலமுமே நீரைக் காக்கும்.

பழமும் பருவமும்

பழங்களிற் பருவத்தின் ஆட்சி இன்னும் வெளிப்படையானது. வாழையும் பப்பாசியும் நீர் உள்ள இடங்களில் ஆண்டு முழுவதும் கிடைக்கும். கறுத்தக்கொழும்பான், அம்பலவி, விலாட்டு ஆகிய மாம்பழங்களோ வைகாசி, ஆனி மாதங்களிலேயே மிகுதியாக வருகின்றன. முந்திச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் ஆசையால் முற்றாத காயைப் பிடுங்கிக் கல்சியம் காபைட்டு வைத்துப் பழுக்கச் செய்வோர் உளர். அது உண்பவர் உடல்நலத்துக்குக் கேடு, பழத்துக்கும் சுவையில்லை. ஒரு மருந்தும் தெளிக்காது வளர்த்த மாம்பழத்தை இறுதியில் இவ்வாறு பழுக்க வைத்தல், ஆண்டு முழுவதும் காத்த நற்பெயரை ஒரே நாளில் இழப்பதாகும். முற்றிய காயைக் காம்போடு பறித்து, நிழலில் வைக்கோற் படுக்கையிற் பழுக்கவிட்டால் சில நாட்கள் செல்லும். அச்சில நாட்களைப் பொறுத்தலே அப்பழத்தின் பெறுமதியாகும்.

இன்று இல்லை என்று சொல்லும் துணிவு

வைகாசி கழிந்து சோளகக் காற்று வீசத் தொடங்கியதும் தோட்டங்கள் காய்கின்றன. கிணற்று நீர் தாழ்கின்றது. கரையோரங்களில் உவர் ஏறுகின்றது. பங்குனியில் வாரம் ஐம்பது கிலோகிராம் தருவதாக ஒரு கடைக்கோ உணவகத்துக்கோ வாக்களித்தவர் இப்போது பத்துக் கிலோகிராமும் கொடுக்க இயலாது திகைக்கின்றார். இவ்வேளையிலேதான் சேதனக் கமக்காரரின் நாணயம் சோதிக்கப்படுகின்றது. சந்தையில் வாங்கிய காயைத் தம் காயோடு கலந்து கொடுத்து வாக்கைக் காப்பாற்றலாம் என்ற எண்ணம் எழும். ஒருவர் அவ்வாறு செய்து அகப்பட்டால், அவ்வூரிலுள்ள நேர்மையான கமக்காரர் அனைவரும் சந்தேகத்துக்கு ஆளாவர். சர்வதேச உணவு நியமங்களின்படி, சேதன விளைவு என்று ஒருபோகப் பயிரைக் குறிப்பிடுவதற்கு விதைப்புக்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டுகளேனும் நிலம் சேதன முறையில் நடத்தப்பட்டிருத்தல் வேண்டும். இரண்டு ஆண்டு உழைத்துப் பெற்ற பெயரை ஒரு சாக்குக் கத்தரிக்காய்க்காக விற்பது எந்தக் கணக்கிலும் நட்டமேயாகும்.

ஆகவே வாக்களிக்கும் போதே பருவத்தைச் சொல்லி வாக்களித்தல் நன்று. எம்மாதத்தில் எவ்வகை மரக்கறி, ஏறக்குறைய எவ்வளவு என்பதைத் தாளில் எழுதி வாங்குபவரிடம் கொடுக்கலாம். கரட், லீக்ஸ், கோவா போன்ற மலைநாட்டு மரக்கறிகளை வெப்ப நிலத்துக் கமக்காரர் ஆண்டு முழுவதும் தர இயலாது என்பதையும் மறையாது சொல்லலாம். இல்லாத மாதத்தில் இல்லை என்று சொல்பவரிடத்தில், உள்ள மாதத்தில் வாங்குபவருக்கு நம்பிக்கை கூடும். வாங்குவோரும் பருவத்துக்கு ஏற்ற கறியை உண்ணப் பழகுதல் வேண்டும். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்காகக் குடாநாட்டில் மரக்கறிக்குக் கேள்வி மிகுவது யாவரும் அறிந்தது. அதற்கு வேண்டிய கத்தரி மேடையை வைகாசியிலும், வெண்டியை ஆனியிலும் நீருள்ள தோட்டங்களிற் போட்டால், இளவேனிலுக்குப் பின் வரும் வெறுமை சிறிது குறையும்.

தனித்து நில்லாமை

இம்முறையை மறுப்போர் கூறுவது, சிறு காணியைத் துண்டு துண்டாக நட்டால் கூலியும் இறைப்புச் செலவும் கூடும் என்பதாகும். அது மெய்யே. எட்டுப் பரப்புக்காரர் ஒருவர் தனித்து நின்று வாரந்தோறும் ஐந்து வகை மரக்கறி கொடுத்தல் எளிதன்று. முதல் இரண்டு ஆண்டுகளில் விளைவு குறைதலும் உண்டு. அதனை மறைத்தல் எவருக்கும் நன்மையன்று. ஆயினும் அயலிலுள்ள நால்வர் அல்லது ஐவர் மார்கழியில் ஒன்றுகூடி, எவர் எதனை எந்நாளில் நடுவது என்று பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொருவர் தோட்டத்திலும் ஓரிரு பயிரே போதும். ஐவரும் சேர்ந்து ஒரு வண்டியில் ஏற்றலாம். காயைச் சாக்கில் அடைத்து மேலே ஏறி மிதிக்காது, பெட்டிகளில் அடுக்கிக் காலையிலேயே அனுப்பலாம். ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்த்து நிற்பதால் நாணயத்துக்கும் அது காவலாகும். நடுகைத் திட்டம் வகுப்பதற்குத் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையும் கமநல சேவை நிலையத்தையும் மாரி தொடங்குமுன் அணுகுதல் நலம்.

சித்திரைச் சந்தையில் விலை விழுந்தபின் எவரையும் நொந்து பயனில்லை. அவ்விலையிற் பெரும் பங்கு, மழை விட்டதும் ஊரார் அனைவரும் ஒரே நாளில் ஒரே பயிரை நட்டபோதே தீர்ந்துவிட்டது. ஐப்பசியில் எருக் குவியலைக் கட்டி, மார்கழியில் அயலவரோடு பேசி, தையிலும் மாசியிலும் இடைவெளியிட்டு நடும் கமக்காரர் அடுத்த சித்திரையில் குறைந்த காயோடு சந்தைக்குச் செல்லக்கூடும். ஆனால் அக்காய் கூடையிலே மிஞ்சி வீடு திரும்பாது. அடுத்த வாரமும் அவரிடம் கொடுப்பதற்குக் காய் இருக்கும்.