காலநிலை மாநாடுகள்: மேடையில் பெண்கள் இருக்காங்க... முடிவெடுக்கும் நாற்காலியில்?

பிப்ரவரி 11 சர்வதேச அறிவியல் பெண்கள் தினம், மார்ச் 8 மகளிர் தினம். இந்த இரண்டு தேதிகளும் நெருங்கினாலே ‘பெண் தலைமை, அறிவியல், காலநிலை மாற்றம்’ என்ற தலைப்பில் கருத்தரங்குகள், விருது விழாக்கள் வரிசை கட்டும். சரி, காலநிலை பற்றி உண்மையிலேயே முடிவெடுக்கும் இடங்களில் பெண்கள் எத்தனை பேர்? பார்க்கலாம்.

28 பேரும் ஆண்கள்!

2024 நவம்பரில் பாகு நகரில் நடந்தது காப்-29 எனப்படும் ஐ.நா. காலநிலை மாநாடு. அதற்கான ஏற்பாட்டுக் குழுவை அஜர்பைஜான் அரசு அந்த ஜனவரியிலேயே அறிவித்தது. மொத்தம் 28 பேர். ஒரு பெண்கூட இல்லை. கடும் விமர்சனம் கிளம்பியதும் சில நாட்களிலேயே 12 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். ஆக, தகுதியான பெண்கள் இல்லாமல் இல்லை. கேள்வி எழுந்த பிறகுதான் அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறார்கள்.

தலைவர்கள் வரிசையிலும் இதே கதைதான். 2023 துபாய் மாநாட்டுக்கு வந்த 133 உலகத் தலைவர்களில் பெண்கள் 15 பேர். பாகுவில் 78 பேரில் 8 பேர்.

பெண்கள் தலைமை தாங்கியதே இல்லையா?

அப்படியும் சொல்ல முடியாது. 1995-ல் பெர்லினில் நடந்த முதல் காப் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர், அப்போது ஜெர்மனியின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஏஞ்சலா மெர்க்கல். 2015-ல் பாரிஸ் ஒப்பந்தம் உருவானபோது ஐ.நா. காலநிலைச் செயலகத்தை நடத்தியவர் கிறிஸ்டியானா ஃபிகரெஸ். வாய்ப்பு கிடைத்தபோதெல்லாம் வேலை நடந்திருக்கிறது. வாய்ப்பு எத்தனை முறை கிடைத்தது என்பதுதான் கேள்வி.

அறிவியலில் நிலைமை என்ன?

காலநிலை ஆய்வுகளைத் தொகுத்து அரசுகளுக்கு அறிக்கை தரும் ஐ.நா. குழு ஐபிசிசி. 1988-ல் தொடங்கிய இந்தக் குழுவுக்கு இதுவரை ஒரு பெண்கூடத் தலைவராகவில்லை. 2023 தேர்தலில் நான்கு வேட்பாளர்களில் இருவர் பெண்கள். இறுதிச் சுற்றில் பிரேசில் விஞ்ஞானி தெல்மா க்ரூக் 69 வாக்குகள் பெற்றார். 90 வாக்குகளோடு பிரிட்டனின் ஜிம் ஸ்கீ வென்றார். ஒரு தேர்தலில் தோற்பதே பாகுபாடு ஆகிவிடாதுதான். ஆனால் 35 ஆண்டுகளில் ஒருமுறைகூட நடக்கவில்லை என்பதை யோசிக்கத்தான் வேண்டும்.

இது இன்று தொடங்கியதும் இல்லை. 1856-ல் அமெரிக்காவின் யூனிஸ் ஃபூட், கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்தார். கார்பன் டை ஆக்சைடு இருந்த குழாய்தான் அதிகம் சூடேறியது. ‘காற்றில் இந்த வாயு கூடினால் பூமி சூடாகும்’ என்ற முடிவுக்கு வந்தார். அந்தக் கட்டுரையை அறிவியல் மாநாட்டில் வாசித்தவர் அவர் அல்ல. ஜோசஃப் ஹென்றி என்ற பேராசிரியர். மூன்று ஆண்டுகள் கழித்து, மேம்பட்ட கருவிகளோடு ஆய்வு செய்த ஜான் டிண்டால் பெயர்தான் வரலாற்றில் நின்றது. ஃபூட் பெயர் பரவலாகத் தெரியவந்ததே சுமார் 150 ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

இதனால சாதாரண மக்களுக்கு என்ன?

குஜராத்தைப் பாருங்க. ஆமதாபாத்தில் 1972-ல் இலா பட் தொடங்கிய ‘சேவா’, பெண் தொழிலாளர்களே நடத்தும் சங்கம். உப்பளத்திலும் தெருவோரக் கடையிலும் வேலை பார்க்கும் உறுப்பினர்களின் பிரச்னை அவர்களுக்குத் தெரியும்: வெயில் கொளுத்தினால் அன்றைய கூலி போச்சு.

அதனால் 2023-ல் வெப்பக் காப்பீடு ஒன்று தொடங்கப்பட்டது. வெப்பநிலை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் போதும். யாரும் சேதக் கணக்கு காட்ட வேண்டாம், பணம் வந்துவிடும். அடுத்த ஆண்டே மூன்று மாநிலங்களில் சுமார் 50,000 பெண்களுக்கு இது விரிந்தது. புயலும் வெள்ளமும்தான் பேரிடர் என்று எழுதப்பட்டிருந்த கணக்கில், ஒரு நாள் கூலியும் இழப்புதான் என்று சேர்த்தது இந்தப் பெண்கள்தான்.

எதைக் கவனிக்கணும்?

அடுத்த முறை இப்படியொரு நிகழ்ச்சியின் புகைப்படம் உங்கள் மொபைலில் வந்தால், எத்தனை பெண்கள் நிற்கிறார்கள் என்று மட்டும் எண்ணாதீர்கள். கூட்டத்துக்குத் தலைமை யார், அறிக்கையில் கையெழுத்து யாருடையது, நிதியை யாருக்கு ஒதுக்குவது என்று முடிவு செய்வது யார்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால், அது மாற்றமா வெறும் விழாவா என்பது தெரிந்துவிடும்.