கடைசிப் பத்து நிமிடம்



சென்ற இதழின் சிறுகதையைப் பற்றி யாராவது நாலு வரி எழுதியிருப்பார்கள் என்று ஆசையோடு கடிதங்களைப் பிரித்தால், உள்ளே இந்தியக் கால்பந்து அணி! ஒருவர் திட்டுகிறார், ஒருவர் புலம்புகிறார், இன்னொருவர் பதினோரு பேர் கொண்ட தன் அணியையே எழுதி அனுப்பிவிட்டார். 2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்றதன் விளைவு இது.

கோபத்தில் நியாயம் இருக்கிறது. வங்கதேசம் நம்மை வென்று 22 வருடம் ஆகியிருந்தது. 11-வது நிமிடத்தில் அவர்களின் மொர்சாலின் ஒரு கோல் போட்டார். மிச்ச நேரம் முழுக்க நம்மவர்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். நம் சாங்டே அடித்த பந்து ஒன்று உள்ளே போயிருக்க வேண்டியது. வங்கதேசத்தின் ஹம்ஸா சௌத்ரி தலையைக் கொடுத்துத் தடுத்துவிட்டார். 2027 ஆசியக் கோப்பைக்கான வாய்ப்பு அதற்கு முந்தைய மாதமே, கோவாவின் மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்றபோது கைவிட்டுப் போயிருந்தது. அந்தத் தகுதிச் சுற்றில் டாக்கா வரை ஐந்து ஆட்டம், இரண்டே கோல், ஒரு வெற்றிகூட இல்லை.

கடிதங்களில் பெரும்பாலானவை பயிற்சியாளர் காலித் ஜமீலைக் கேள்வி கேட்கின்றன. அவர் பொறுப்பேற்றது ஆகஸ்டில்தான். அதற்குள் “அடுத்த கோச் யார்?” என்று ஆரம்பித்தாகிவிட்டது. மதுரை வாசகர் ஒருவரின் கடிதம் மட்டும் வேறு மாதிரி. எண்பதாவது நிமிடம் வந்தால் டி.வி.யை அணைத்துவிடுவாராம். “ஜெயித்தால் யாராவது போன் பண்ணிச் சொல்லத்தானே போகிறார்கள் சார்” என்று எழுதியிருக்கிறார்.

சிரித்துவிட்டுப் பழைய ஆட்டங்களின் விவரங்களை எடுத்துப் பார்த்தேன். மனிதர் சரியாகத்தான் சொல்கிறார்.

2019 ஜனவரி, ஷார்ஜா. ஸ்டீஃபன் கான்ஸ்டன்டைன் பயிற்சியாளர். தாய்லாந்தை 4-1 என்று நொறுக்கியிருந்த அணிக்கு, பஹ்ரைனுடன் டிரா செய்தால் போதும், ஆசியக் கோப்பையில் நாக்-அவுட் சுற்று. தொண்ணூறு நிமிடமும் ஓடிவிட்டது. இன்ஜுரி டைமில் பெனால்டி பகுதிக்குள் ப்ரணய் ஹால்தர் காலை நீட்ட, ஜமால் ரஷீத் பெனால்டியை அடிக்க, எல்லாம் முடிந்தது. கான்ஸ்டன்டைன் அன்றே ராஜினாமா செய்தார்.

அதே வருடம் செப்டம்பர், குவஹாத்தி. இப்போது இகோர் ஸ்டிமாச். ஓமனுக்கு எதிராக சுனில் சேத்ரி கோல் போட்டு, 81 நிமிடம் வரை நாம்தான் முன்னிலை. 82-ல் ஒன்று, 90-ல் ஒன்று என்று வாங்கித் தோற்றோம். ஐந்து நாள் கழித்து தோஹாவில், ஆசிய சாம்பியன் கத்தாரை அவர்கள் மண்ணிலேயே கோல் போடவிடாமல் 0-0 என்று நிறுத்தினார்கள். அந்த இரவு குர்ப்ரீத் சிங் சந்து வலைக்கு முன்னால் நின்ற விதத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரசிகனைக் கட்டிப்போடுவது இந்த மாதிரி இரவுகள்தான். ஒரேயடியாகத் தோற்றுக்கொண்டே இருந்தால் எப்போதோ எழுந்து கிரிக்கெட் பக்கம் போயிருப்போம்.

2023-ல் அப்படி ஒரு வருடமே வாய்த்தது. புவனேசுவரத்தில் லெபனானை வென்று இன்டர்கான்டினென்டல் கோப்பை, பெங்களூரு கண்டீரவாவில் குவைத்தைப் பெனால்டியில் வீழ்த்தி தெற்காசியக் கோப்பை, ஃபிஃபா தரவரிசையில் 99-வது இடம். ஸ்டிமாச்சைத் தலையில் தூக்கிவைத்து ஆடினோம். அடுத்த வருடம் அதே நாம் அவரைக் கீழே போட்டோம். 2024 முழுவதும் இந்தியா ஆடியது 11 ஆட்டம்; போட்டது நான்கு கோல்; ஜெயித்தது ஒன்றுகூடக் கிடையாது.

அந்த வருடத்தின் இரண்டு ஆட்டங்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. முதலாவது மார்ச் 26, மீண்டும் குவஹாத்தி, ஆப்கானிஸ்தான். சேத்ரிக்கு 150-வது சர்வதேச ஆட்டம். அவரே பெனால்டியில் கோல் போட்டார். எழுபதாவது நிமிடத்தில் அவர்கள் சமன் செய்தார்கள். 88-ல் குர்ப்ரீத் தடுமாறி எதிராளியைச் சாய்த்துவிட, பெனால்டி, தோல்வி.

இரண்டாவது ஜூன் 11, தோஹா, கத்தார். சேத்ரி ஓய்வு பெற்ற பிறகு முதல் ஆட்டம். சாங்டே கோலால் முன்னிலை. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் மூன்றாம் கட்டத்துக்கு இந்தியா ஒருமுறைகூடப் போனதில்லை. அது கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. 73-வது நிமிடத்தில் கத்தார் வீரர் தலையால் முட்டிய பந்தை குர்ப்ரீத் தடுத்தார். பந்து கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கோட்டைத் தாண்டி வெளியே உருண்டது. நம் டிஃபெண்டர்கள் கால்களைத் தளர்த்திவிட்டார்கள். அந்த நொடியில் ஒரு கத்தார்க்காரர் வெளியே போன பந்தை உள்ளே இழுத்துவிட, இன்னொருவர் வலைக்குள் தட்டினார். நடுவர் கோல் என்றார். அந்தச் சுற்றில் வீடியோ நடுவர் கிடையாது. பன்னிரண்டு நிமிடம் கழித்து இன்னொன்றும் விழுந்தது. அதற்கடுத்த வாரம் ஸ்டிமாச் நீக்கப்பட்டார். ஒப்பந்தம் மிச்சமிருந்ததால் பேசித் தீர்த்துக்கொண்ட தொகை 4 லட்சம் டாலர். நம் ஊர்ப் பள்ளிகளில் அந்தப் பணத்துக்கு எத்தனை பந்து வாங்கலாம் என்று கணக்குப் போட்டேன், பாதியில் விட்டுவிட்டேன்.

அடுத்து மனோலோ மார்க்கஸ். நல்ல மனிதர், விவரம் தெரிந்தவர். ஆனால் கோவா கிளப்பையும் தேசிய அணியையும் ஒரே சமயத்தில் அவர் தோளில் ஏற்றிவிட்டார்கள். அதை யார் யோசித்தார்களோ! எட்டு ஆட்டம், ஒரு வெற்றி, அதுவும் மாலத்தீவுக்கு எதிராக. 2025 ஜூன் 10-ல் ஹாங்காங்கின் புத்தம்புது கை டாக் மைதானத்தில் கடைசி ஆட்டம். முதல் பாதியில் ஆஷிக் குருணியன் காலுக்கு வந்த பந்தைப் போட்டிருந்தால் கதை வேறு. கடைசியில் இன்ஜுரி டைமில் கோல் கீப்பர் விஷால் கெய்த் வெளியே பாய்ந்து ஆளைச் சாய்க்க, பெனால்டி. 1-0. அடுத்த மாதம் மார்க்கஸும் கிளம்பிவிட்டார்.

மூன்று கோச். மூன்று பேரின் ஆட்ட முறையும் வேறு வேறு. இருந்தும் தோல்விகளை வரிசையாக வைத்தால் ஒரே கை எழுதியது போலத்தானே இருக்கிறது? ஒன்று, கடைசிப் பத்து நிமிடத்தில் கால் தளர்கிறது, கவனம் சிதறுகிறது. இரண்டு, அதற்கு முன்னால் இரண்டாவது கோலைப் போட்டு மூச்சு விட ஆளில்லை. என்னைக் கேட்டால் முதல் நோய்க்கே காரணம் இரண்டாவது நோய்தான். ஒரு கோலை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் காவல் காப்பவனுக்குக் களைப்பு வராமல் என்ன செய்யும்?

கோல் போட ஆள் ஏன் இல்லை? இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கிய 2014-லிருந்து 2024-25 வரை 11 சீசன். அதிக கோல் போட்டவருக்கான தங்கக் காலணி ஒருமுறைகூட ஓர் இந்தியருக்குக் கிடைக்கவில்லை. கிளப்புகளைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த சனிக்கிழமை ஜெயித்தாக வேண்டிய கோச், முன்வரிசையில் பிரேசில்காரரையோ ஸ்பெயின்காரரையோதான் நிறுத்துவார். நம் பையன் ஓரத்துக்குப் போவான், விங்கராக ஓடுவான். ஓரத்தில் ஓடிப் பழகியவனை வருடத்துக்குச் சில வாரம் தேசிய முகாமுக்கு அழைத்து, “நடுவில் நின்று கோல் போடப்பா” என்றால் எங்கே போவான்? 2024-25 சீசனில் அதிக கோல் போட்ட இந்தியர் யார் என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். சேத்ரி. 14 கோல். வயது 40. ஓய்வு பெற்றவரை மார்க்கஸ் திரும்ப அழைத்தபோது கேலி செய்தோம். வேறு யாரை அழைத்திருப்பார்?

அந்த லீகும் 2025 ஜூலையில், ஒப்பந்தச் சிக்கலில் தள்ளிவைக்கப்பட்டது. சில கிளப்புகள் வீரர்களின் சம்பளத்தையே நிறுத்தின. ஆடவே களம் இல்லாத பையன்களை வைத்து ஜமீல் கஃபா நேஷன்ஸ் கோப்பையில் ஓமனைப் பெனால்டியில் வென்று மூன்றாம் இடம் பிடித்தார். அக்டோபரில் சிங்கப்பூரில், நம் ஜிங்கன் சிவப்பு அட்டை வாங்கிப் பத்துப் பேராக நின்றபோதும், தொண்ணூறாவது நிமிடத்தில் ரஹீம் அலி கோல் போட்டு 1-1 ஆக்கினார். ஒருமுறையாவது கடைசி நிமிடம் நம் பக்கம் சாய்ந்தது! ஐந்தே நாளில் மட்காவில் அந்த சந்தோஷமும் போனது.

கோச்சை மாற்றச் சொல்லும் வாசகர்கள் 1952-ஐ ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா தோற்றது 1-10 என்ற கணக்கில். நம் வீரர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடினார்கள். பயிற்சியாளர் ஹைதராபாத்காரரான சையது அப்துல் ரஹீம். இன்றைக்கு என்றால் விமானம் இறங்குவதற்குள் அவர் வேலை போயிருக்கும். அன்று அவரை வைத்துக்கொண்டு, பூட்ஸ் அணிவதைக் கட்டாயமாக்கினார்கள். நான்கு வருடத்தில் மெல்போர்னில் நான்காம் இடம். நெவில் டிசோசா ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஹாட்ரிக். 1962-ல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தி ஆசிய விளையாட்டுத் தங்கம். அந்த அணியின் முன்வரிசையில் ஆடிய துளசிதாஸ் பலராம், செகந்திராபாத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். நம் வாசகர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

இதனால் யாரும் புலம்பாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. 2018 ஜூனில் மும்பை அந்தேரியில் சைனீஸ் தைபேக்கு எதிராக சேத்ரி ஹாட்ரிக் போட்டு அணி 5-0 என்று ஜெயித்தபோது, மைதானத்தில் இருந்தது சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு பேர். அடுத்த நாள் அவர் ஒரு வீடியோ வெளியிட்டார். திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்று கைகூப்பாத குறையாகக் கேட்டார். கென்யாவுக்கு எதிரான அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட்டே இல்லை. கொட்டும் மழையில் நிரம்பிய அரங்கம் பார்க்க, 3-0. திட்டவும் ஆளில்லாத காலம் ஒன்று இருந்தது என்பதை அறிந்தவர் அவர். அதனால்தான் உங்கள் கடிதங்களில் மிகக் காரமானவற்றை இந்த இதழில் அப்படியே போடச் சொல்லியிருக்கிறேன். இரண்டு வசவை மட்டும் உதவி ஆசிரியர் எடுத்துவிட்டார். எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு செய்தி. யாரும் இதைப் பற்றி எழுதவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். 2025 ஜூலையில் சியாங் மாயில் நம் பெண்கள் அணி, தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. 2026 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் ஜப்பான், வியட்நாம், சைனீஸ் தைபே அணிகளோடு ஆட அந்த வெற்றிதான் வழி திறந்தது. சியாங் மாயில் இரண்டு கோலையும் போட்டவர் சங்கீதா பாஸ்ஃபோர். இரண்டாவது கோல் விழுந்தது 74-வது நிமிடத்தில். அதன் பிறகு எஞ்சிய நேரம் முழுக்க தாய்லாந்தை வலைப் பக்கம் அண்டவிடாமல் காத்தார்கள். அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்