எது பக்கம்? மதுரையா, யாழ்ப்பாணமா?

சென்னைக்கு எது பக்கம்? மதுரையா, யாழ்ப்பாணமா?

"இது ஒரு கேள்வியா? மதுரைதான்!" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன். தேசப்படத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். திகைத்துப் போனேன்.

சென்னை விமான நிலையத்தில் இருந்து மதுரை விமான நிலையத்துக்கு ஆகாய வழியில் சுமார் 420 கிலோ மீட்டர். யாழ்ப்பாணத்தில் உள்ள பலாலிக்கு சுமார் 355 கிலோ மீட்டர்தான்! சென்னையில் இருந்து நேர் தெற்கே கோடு போட்டால், அது கடலைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சேரும்.

1947-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி ஏர் சிலோன் கம்பெனியின் முதல் விமானம் புறப்பட்டது. கொழும்பில் கிளம்பி, யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையில் இறங்கி, பிறகு சென்னைக்கு வந்தது.

பின்னால் அந்த வழி அடைபட்டது. 1983-ம் ஆண்டு இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டது. பலாலியில் ராணுவ விமானங்கள் இறங்கின.

சுற்று வழி

சென்னைக்கு வந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஊர் திரும்புவது எப்படி? முதலில் கொழும்புக்குப் பறக்க வேண்டும். அது சுமார் 650 கிலோ மீட்டர். அதாவது, சொந்த ஊரைத் தாண்டித் தெற்கே ஏறக்குறைய 300 கிலோ மீட்டர் போய் இறங்க வேண்டும். பிறகு தரை வழியாக வடக்கே திரும்பி வர வேண்டும். இதில் ஒரு பகலோ ஓர் இரவோ போய்விடும். சண்டைக் காலத்தில் அந்தச் சாலையும் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பது இதுதான்!

2019-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி பலாலி, சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னை விமானம் போய் இறங்கியது. ஆனால் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் விமானம் நின்றது. மறுபடி பறந்தது 2022 டிசம்பர் 12-ந் தேதிதான்.

இந்த வழியில் ஓடுவது இறக்கையில் காற்றாடி சுழலும் சின்ன விமானம். சுமார் 70 பேர் ஏறலாம். உயரே போனபின் மணிக்கு 500 கிலோ மீட்டர் வேகம். "அப்படியானால் முக்கால் மணியில் போய்விடலாமே?" என்று கணக்குப் போடாதீர்கள். ஓடுபாதையில் உருள வேண்டும், மேலே ஏற வேண்டும், இறங்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். வெளிநாட்டுப் பயணம் என்பதால் 3 மணி நேரம் முன்னதாகவே வரச் சொல்கிறார்கள். பறக்கும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம் அதிகம்! சரி, போகட்டும்.

நிறுத்தாதீர்கள்

ஆள் குறைவு, லாபம் இல்லை என்று சொல்லி இந்த விமானத்தை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. இது என் கருத்து. நஷ்டம் வந்தால் இரு அரசாங்கங்களும் ஈடு கட்டட்டும். நிலைய வரியைக் குறைக்கட்டும். விமானம் நின்றுவிட்டால், 355 கிலோ மீட்டர் தூரம் மறுபடி ஆயிரம் கிலோ மீட்டர் ஆகிவிடும்.

மகன் சென்னையில் இருக்கிறான். தாய் யாழ்ப்பாணத்தில் சாகக் கிடக்கிறாள். காலையில் போன் வருகிறது. நேர் விமானம் இருந்தால் அன்றே தாயின் முகத்தைப் பார்த்துவிடலாம். கொழும்பைச் சுற்றிக்கொண்டு மறுநாள் போய்ச் சேருகிறவன் எதைப் பார்ப்பான்?