ஆதரவுக்குக் கேட்க வேண்டிய விலை: 1872 தரும் பாடம்

1872 நவம்பர் 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், சட்டம் மறுத்த உரிமையைத் தானே எடுத்துக்கொண்டு சூசன் பி. அந்தோணி வாக்களித்தார். அதிபர் தேர்தலில் அவர் ஆதரித்தது குடியரசுக் கட்சியின் யுலிசிஸ் கிராண்டை. இரண்டே வாரங்களில் அவர் கைது செய்யப்பட்டார். 1873 ஜூனில் வழக்கை விசாரித்த வார்டு ஹன்ட், ஜூரிகளைக் கலந்து பேசவும் விடாமல் அவரைக் குற்றவாளியாக்கி 100 டாலர் அபராதம் விதித்தார். அந்த நீதிபதியை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தவர் அதே கிராண்ட்!

அந்தோணியின் ஆதரவுக்குக் குடியரசுக் கட்சி கொடுத்த விலைதான் என்ன? பெண்களுக்குத் தான் கடமைப்பட்டிருப்பதை மறக்கவில்லை என்றும், கூடுதல் உரிமை கோருவோரின் நேர்மையான கோரிக்கை மரியாதையுடன் பரிசீலிக்கப்பட வேண்டும் என்றும் அதன் தேர்தல் அறிக்கை கூறியது. பெண்களின் வாக்குரிமை பற்றி அங்கு ஒரு சொல்லும் இல்லை.

இதைக் கொண்டு அந்தோணியை ஏமாளி என்று இகழ்வது வரலாற்றை அறியாத பேச்சு. எதிரணியில் நின்ற ஹோரஸ் கிரீலி, 1867இல் நியூயார்க் அரசமைப்புப் பேரவையின் வாக்குரிமைக் குழுவுக்குத் தலைமை தாங்கிப் பெண்களின் கோரிக்கையை நிராகரித்தவர். அவருக்குத் துணை நின்றது முன்னாள் அடிமை உடைமையாளர்களின் ஜனநாயகக் கட்சி. கிராண்டின் அரசோ கு கிளக்ஸ் கிளானை ஒடுக்கச் சட்டம் இயற்றியிருந்தது. மூன்றாவதாக, சம உரிமைக் கட்சியின் பெயரில் விக்டோரியா வுட்ஹல் நின்றார். அவரது வார இதழ் 1871 டிசம்பரில் கம்யூனிஸ்ட் அறிக்கையை ஆங்கிலத்தில் வெளியிட்டது உண்மையே. ஆயினும் அவர் வழிநடத்திய நியூயார்க் 12ஆம் பிரிவை முதல் அகிலத்தின் ஹேக் மாநாடு 1872இல் வெளியேற்றியது. அவருக்குப் பின்னால் திரண்ட வர்க்கம் எதுவும் இல்லை.

எனவே பிழை வேட்பாளரைத் தேர்ந்ததில் இல்லை. பேரம் பேசும் வலிமையை முன்னரே இழந்ததில் இருக்கிறது. கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை அளித்த 15ஆம் திருத்தத்தை அந்தோணியும் எலிசபெத் ஸ்டான்டனும் எதிர்த்தனர். ஸ்டான்டனின் வாதங்களில் இனவெறி வெளிப்படையாகவே ஒலித்தது. அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது பெண்களுக்கு அச்சுக் கோக்கப் பயிற்சியளிக்க முதலாளிகளின் உதவியை நாடினார் அந்தோணி. 1869இல் தேசியத் தொழிலாளர் சங்க மாநாடு அவரைப் பிரதிநிதியாக ஏற்க மறுத்தது. கறுப்பின மக்களையும் தொழிலாளரையும் இழந்த இயக்கம், ஆளும் கட்சியின் வாசலில் மனுவோடு நின்றது. மனுவுக்கு மரியாதை கிடைத்தது, உரிமை கிடைக்கவில்லை.

1875இல் மைனர் வழக்கில், குடியுரிமை வாக்குரிமையைத் தராது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 19ஆம் திருத்தம் வர 1920 ஆயிற்று. தென் மாநிலங்களின் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் 1965 வரை காத்திருந்தனர்.

இந்தியாவிலும் 2023இல் பெண்களுக்கான இட ஒதுக்கீட்டுச் சட்டத்தை நிறைவேற்றிக் கைதட்டிக்கொண்டவர்கள், அதன் அமலாக்கத்தை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பின்னால் கட்டிவைத்தனர். "மரியாதையுடன் பரிசீலனை" என்பதன் இந்திய வடிவம் இது. எந்த வேட்பாளரை ஆதரிப்பது என்ற கேள்வி எழும்போதெல்லாம் இடதுசாரிகள் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: சட்ட வாசகம் எங்கே, நாள் எது? அந்தக் கேள்விக்கு வலுச் சேர்ப்பது வயலிலும் ஆலையிலும் அமைப்பாகத் திரண்ட உழைக்கும் பெண்களே.